எம்ஆர்ஐ படம் ஏன் கோணுகிறது, அதை எப்படி நிமிர்த்துகிறார்கள்?

மூளைத் திசுவுக்குள் நீர் எப்படி அலைகிறது என்று பார்க்கிற டிஃப்யூஷன் ஸ்கேன் (எம்ஆர்ஐயில் ஒரு வகை) ஒன்றைத் திருத்தம் எதுவும் செய்யாமல் அப்படியே திரையில் போட்டுப் பாருங்கள். நெற்றிப் பக்கத்தில் மூளை முன்னால் இழுபட்டு நீண்டிருக்கும், இல்லையென்றால் பின்னால் நசுங்கி விளிம்பில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு நிற்கும். காதுக்கு மேலே இருக்கிற டெம்போரல் மடலும் உருக்குலைந்திருக்கும். அதே ஆளுக்கு அதே பத்து நிமிடத்துக்குள் எடுத்த, மூளையின் அமைப்பைக் காட்டுகிற சாதாரண டி1 படத்தைப் பக்கத்தில் வைத்தால் அது ஒழுங்காக இருக்கும். ஆள் தலையை ஆட்டவில்லை, கருவியும் பழுதாகவில்லை. ஒரே காந்தம், ஒரே தலை, ஒரு படம் மட்டும் ஏன் கோணலாக வருகிறது? இது புரிந்துவிட்டால் நிமிர்த்தும் வழி முக்கால்வாசி தானாகவே புரிந்துவிடும், ஏனென்றால் இந்தக் கோணல் கண்டபடி வருவது கிடையாது, கணக்குப்படி வருவது.

இடம் எப்படித் தெரிகிறது

எம்ஆர்ஐ கருவியில் லென்ஸ் இல்லை, கேமரா இல்லை. உடம்பில் இருக்கிற நீரின் ஹைட்ரஜன் அணுக்கரு, அதாவது புரோட்டான், காந்தப்புலத்துக்குள் பம்பரம் மாதிரி தலையாட்டிச் சுழலும். எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பது அந்த இடத்தில் புலம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது: ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். 1.5 டெஸ்லா கருவியில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128 மெகாஹெர்ட்ஸ். (பெயரளவில் 3 டெஸ்லா என்று விற்கப்படும் கருவிகளில் சிலவற்றின் உண்மையான புலம் 2.89 டெஸ்லாதான், அது வேறு கதை.) இந்தச் சுழற்சி எழுப்புகிற மெல்லிய ரேடியோ சிக்னலைத்தான் தலையைச் சுற்றியுள்ள காயில், அதாவது கம்பிச்சுருள், வாங்குகிறது.

புலம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் எல்லாப் புரோட்டானும் ஒரே அதிர்வெண்ணில் பேசும், எது எங்கிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. அதனால் வேண்டுமென்றே புலத்தைச் சாய்க்கிறார்கள். இடது பக்கம் கொஞ்சம் குறைவு, வலது பக்கம் கொஞ்சம் அதிகம், நடுவில் சீரான ஏற்றம். இந்தச் சாய்வைக் கொடுப்பதுதான் கிரேடியன்ட் காயில். 1973-இல் பால் லாட்டர்பர் இந்த யோசனையை வெளியிட்டார், அதற்குத்தான் முப்பது வருடம் கழித்து நோபல் பரிசு வந்தது. சாய்வு மீட்டருக்கு 10 மில்லி டெஸ்லா என்றால், ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிற புரோட்டான் 426 ஹெர்ட்ஸ் கூடுதலாகச் சுழலும். அதிர்வெண்ணைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆர்மோனியத்தில் கட்டைகள் இடமிருந்து வலமாகச் சுருதி ஏறிக்கொண்டே போகும் இல்லையா, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்தக் கட்டையை அழுத்துகிறார்கள் என்று பழகிய காது சொல்லிவிடும். ஒரு ரீடு மட்டும் சுருதி விலகி அரைச் சுரம் ஏறி ஒலித்தால் அந்தக் காது என்ன சொல்லும்? பக்கத்துக் கட்டையை அழுத்தியதாகத்தான் சொல்லும். எம்ஆர்ஐ கணினிக்கும் அதே கதிதான். ஏதோ ஒரு காரணத்தால் ஓரிடத்தில் புலம் கொஞ்சம் கூடிவிட்டால், அங்கிருக்கிற திசுவைக் கணினி இன்னும் வலப்பக்கம் தள்ளி வரைந்துவிடும். திசு நகரவில்லை, அதன் அதிர்வெண்தான் நகர்ந்தது.

புலத்தைக் கெடுப்பது யார்? நாம்தான்

காந்தத்தைச் செய்தவர்கள்மேல் பழியைப் போடத் தோன்றும். ஆனால் அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிடுகிறார்கள். கருவியை நிறுவும்போதே உட்புறத் தட்டுகளில் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை அங்கங்கே வைத்துப் புலத்தைச் சமன் செய்வார்கள், இதற்கு ஷிம் என்று பெயர். அதன்பிறகு காலியாக இருக்கும் காந்தத்தின் நடுப்பகுதியில் புலம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மாறும். பத்து லட்சத்தில் ஒரு பங்கைச் சுருக்கமாகப் பிபிஎம் என்பார்கள், இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

பிரச்சினை ஆள் உள்ளே படுத்தவுடன் ஆரம்பிக்கிறது. எந்தப் பொருளையும் காந்தப்புலத்தில் வைத்தால் அதுவும் துளியளவு காந்தமாகும், அல்லது துளியளவு எதிர்க்கும். இந்தக் குணத்துக்குக் காந்த ஏற்புத்திறன் என்று பெயர், பள்ளி இயற்பியலில் படித்திருப்பீர்கள். நீருக்கும் மென்திசுவுக்கும் இது சுமார் மைனஸ் 9 பிபிஎம். காற்றுக்கு, அதிலுள்ள ஆக்சிஜன் காரணமாக, பிளஸ் 0.4 பிபிஎம் அளவில். ஆக, காற்றும் திசுவும் சந்திக்கிற ஒவ்வொரு எல்லையிலும் 9 பிபிஎம்முக்கு மேல் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எல்லையின் வடிவத்தைப் பொறுத்து அது அக்கம்பக்கத்துப் புலத்தை ஒன்றிரண்டு பிபிஎம் அளவுக்குக் குலைத்துவிடும்.

தலையில் காற்று எங்கே இருக்கிறது? மூக்குக்குப் பின்னாலும் நெற்றிக்குள்ளும் சைனஸ் அறைகளில், அப்புறம் காதுக்குள்ளும் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பின் சிறு அறைகளிலும். சைனஸுக்கு நேர் மேலே முன்மூளையின் அடிப்பகுதி உட்கார்ந்திருக்கிறது, காதெலும்புக்கு மேலே டெம்போரல் மடல். படம் கோணுகிற இடங்களும் இவைதான். உடம்பின் மற்ற இடங்களில் குடலிலுள்ள வாயு இதே வேலையைச் செய்யும், புராஸ்டேட் ஸ்கேனில் மலக்குடல் வாயு பெரிய தலைவலி.

உலோகம் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொண்டை ஊசி, பல்லில் மாட்டிய கம்பி, சில கண் மைகளில் இருக்கிற இரும்புத் துகள்கூட அருகிலுள்ள புலத்தைக் கெடுக்கும். ஸ்கேனுக்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது முதலில் பாதுகாப்புக்காக, இரண்டாவது காரணம் இது.

ஆள் படுத்தபிறகு கருவி இன்னொரு முறை ஷிம் செய்யும், இந்தத் தடவை இரும்புத் துண்டால் இல்லை, தனிக் காயில்களில் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கி. அறைக்குள் ஸ்கேன் தொடங்கும் முன் ஒரு அரை நிமிடம் டக்டக் என்று கேட்குமே, அதில் ஒரு பங்கு இதற்காகத்தான். ஆனால் இந்தக் காயில்கள் உருவாக்கக்கூடிய புலம் மெதுவாக, வழவழப்பாக மாறுகிற புலம்தான். சைனஸுக்கு மேலே இரண்டு சென்டிமீட்டருக்குள் சட்டென்று எழுகிற மேட்டை அதனால் தட்டிச் சமன் செய்ய முடியாது. பெரும்பகுதி சரியாகிவிடும், அந்த மேடு மிஞ்சும்.

ஒரு படம் தப்பிக்கிறது, இன்னொன்று மாட்டிக்கொள்கிறது

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

3 டெஸ்லாவில் 1 பிபிஎம் என்றால் 128 ஹெர்ட்ஸ். இந்த 128 ஹெர்ட்ஸ் பிழை படத்தில் எத்தனை பிக்சல் நகர்வாக மாறும்? அது ஒரு பிக்சலுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண ஸ்கேனில் பிக்சலுக்கு 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 128-ஐ 200-ஆல் வகுத்தால் 0.64. அரை பிக்சலைவிடக் கொஞ்சம் அதிகம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அதுவும் ஒரு திசையில் மட்டும். எம்ஆர்ஐ படத்தில் ஒரு திசையைத்தான் அதிர்வெண்ணால் நேரடியாகப் படிக்கிறார்கள், அதை ரீட்அவுட் திசை என்பார்கள். மற்ற திசையை ஃபேஸ் என்கோடிங் மூலம் படிக்கிறார்கள். ஃபேஸ் என்றால் சுழலும் புரோட்டான் குறிப்பிட்ட நொடியில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. வரிவரியாக அளக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிவிடுகிறார்கள், வரிக்கு வரி கோணம் எவ்வளவு மாறியது என்பதிலிருந்து இடம் தெரிகிறது. சாதாரண ஸ்கேனில் ஒவ்வொரு வரிக்கும் புதிதாக ஒரு ரேடியோ துடிப்பு கொடுத்து, அதே அளவு நேரம் காத்திருந்து அளப்பார்கள். புலப்பிழை சேர்க்கிற கூடுதல் கோணம் எல்லா வரியிலும் ஒரே அளவு. வரிக்கு வரி வித்தியாசம் இல்லாததால் இடம் மாறுவதில்லை. டி1 படம் தப்பிப்பது இப்படித்தான்.

டிஃப்யூஷனும், மூளையின் செயல்பாட்டைப் பார்க்கிற எஃப்எம்ஆர்ஐயும் அப்படி எடுக்கப்படுவதில்லை. அவற்றுக்கு எக்கோ பிளேனார் இமேஜிங், சுருக்கமாக ஈபிஐ. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு 1977-இல் முன்வைத்த முறை இது, 2003 நோபலை லாட்டர்பருடன் பகிர்ந்துகொண்டவர் அவர்தான். ஒரே ஒரு ரேடியோ துடிப்பு, அதன்பிறகு கிரேடியன்ட்டை இப்படியும் அப்படியும் படுவேகமாக மாற்றி மாற்றி ஒரு ஸ்லைஸின், அதாவது தலையின் ஒரு மெல்லிய குறுக்குவெட்டின், எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் படித்துவிடுவது. ஒரு ஸ்லைஸ் முழுவதும் ஒரு செகண்டில் இருபதில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். ஸ்ட்ரோக் நோயாளி அசையாமல் கிடக்கமாட்டார், அவருக்கு இந்த வேகம்தான் வேண்டும். மூளை முழுவதையும் ஓரிரு செகண்டுக்கு ஒருமுறை படமெடுக்க வேண்டிய எஃப்எம்ஆர்ஐக்கும் இதுதான் வேண்டும்.

வேகத்துக்கான விலை என்ன? வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, இரண்டு வரிகளுக்கு நடுவே அரை மில்லி செகண்ட் ஓடிவிடுகிறது. அந்த அரை மில்லி செகண்டில் புலப்பிழை தன் பங்குக்குக் கொஞ்சம் கோணத்தை முறுக்கிவிடும். அடுத்த வரியில் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். வரிக்கு வரி சீராக ஏறுகிற கோணம் என்றால் கணினியைப் பொறுத்தவரை அதற்கு ஒரே பொருள்தான், இடம் வேறு. என்கோடிங் முறுக்கியது எது, பிழை முறுக்கியது எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 வரி, வரிக்கு 0.5 மில்லி செகண்ட், மொத்தம் 50 மில்லி செகண்ட். அதன் தலைகீழ் 20 ஹெர்ட்ஸ். ஃபேஸ் திசையில் ஒரு பிக்சலுக்கு 20 ஹெர்ட்ஸ்தான்! அதே 128 ஹெர்ட்ஸ் பிழை இங்கே 6.4 பிக்சல், பிக்சல் 2 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 13 மி.மீ. நகர்வு. ரீட்அவுட் திசையிலோ ஒரே வரி அரை மில்லி செகண்டில் முடிந்துவிடுவதால் பிக்சலுக்கு 2000 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது, அங்கே நகர்வு ஒரு பிக்சலில் பதினைந்தில் ஒரு பங்கு, கவலைப்பட ஒன்றுமில்லை. ஆகவே ஈபிஐ படத்தின் கோணல் முழுக்க முழுக்க ஒரே திசையில், ஃபேஸ் என்கோடிங் திசையில்தான் இருக்கும். திருத்துபவர்களுக்கு இது பெரிய வரம், முப்பரிமாணத்தில் தேடவேண்டிய ஒன்றை ஒரு கோட்டின்மேல் தேடினால் போதும்.

கொழுப்பும் இதே வலையில் விழுகிறது. கொழுப்பிலுள்ள புரோட்டான் நீரைவிடச் சுமார் 3.5 பிபிஎம் மெதுவாகச் சுழலும், 3 டெஸ்லாவில் கிட்டத்தட்ட 440 ஹெர்ட்ஸ். மேலே போட்ட கணக்கில் வைத்தால் 22 பிக்சல்! மண்டைத் தோலின் கொழுப்பு மூளைக்கு நடுவில் வளையம் போல வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஈபிஐயில் கொழுப்பின் சிக்னலை முன்கூட்டியே அணைத்துவிடுகிறார்கள்.

நகர்வு மட்டுமே என்றால்கூடப் பரவாயில்லை. பிழை ஓரிடத்தில் அதிகம், பக்கத்தில் குறைவு என்று மாறிக்கொண்டே போவதால் சில இடங்களில் பல பிக்சல்களின் சிக்னல் ஒரே பிக்சலில் குவிந்து வெள்ளையாகப் பளிச்சிடும், சில இடங்களில் ஒரு பிக்சலின் சிக்னல் நாலைந்தில் பரவி மங்கும். டிஃப்யூஷன் படத்தில் காதெலும்புக்கு மேலே தெரிகிற இப்படிப்பட்ட வெள்ளைத் திட்டு, புதிய ஸ்ட்ரோக் மாதிரியே கண்ணுக்குத் தோன்றலாம். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் இரண்டு பக்கமும் ஒத்துப் பார்த்து, மற்ற படங்களையும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்.

எடுக்கும்போதே குறைப்பது

கணக்கைத் திரும்பப் பாருங்கள், 50 மில்லி செகண்டை 25 ஆக்கினால் பிக்சலுக்கு 40 ஹெர்ட்ஸ், கோணல் பாதியாகிவிடும். இதற்குத்தான் பேரலல் இமேஜிங். பல காயில்கள் ஒரே நேரத்தில் வாங்குகிற சிக்னலை வைத்து, வரிகளில் ஒன்றை விட்டு ஒன்றைத் தாண்டிப் படித்தாலும் விடுபட்டதைக் கணக்கிட்டு நிரப்பிவிடலாம். 1999-இல் சென்ஸ், 2002-இல் கிராப்பா என்று வந்த இரண்டு முறைகள் இன்று அநேகமாக எல்லாக் கருவியிலும் வேறு வேறு விற்பனைப் பெயர்களில் இருக்கின்றன. இரண்டு மடங்கு தாண்டினால் சுகம், மூன்று நான்கு என்று போனால் படத்தில் இரைச்சல் ஏறும்.

காந்தத்தின் வலிமையும் கணக்கில் வருகிறது. பிபிஎம் அதேதான், ஹெர்ட்ஸ்தான் ஏறும். 7 டெஸ்லாவில் 1 பிபிஎம் சுமார் 298 ஹெர்ட்ஸ். பாரிஸுக்கு அருகில் இசூல்ட் என்ற 11.7 டெஸ்லா கருவி இருக்கிறது, மனித மூளையின் படங்களை 2024-இல் வெளியிட்டார்கள். அங்கே 1 பிபிஎம் ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸ், நாம் போட்ட 50 மில்லி செகண்ட் கணக்கில் 25 பிக்சல். வலுவான காந்தம் வாங்கிவிட்டால் எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

புலத்தை அளந்து திருத்துவது

படம் எடுத்தாகிவிட்டது, கோணலாக இருக்கிறது. எங்கே எத்தனை ஹெர்ட்ஸ் பிழை என்று ஒரு வரைபடம் கையில் இருந்தால் ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டுத் திருப்பி வைத்துவிடலாம். அந்த வரைபடம்தான் ஃபீல்டு மேப். ஈபிஐ படங்களுக்கு இதைப் பயன்படுத்துவதை ஜெஸார்டும் பாலபனும் 1995-இல் தெளிவாக எழுதி வைத்தார்கள், இன்றும் அடிப்படை அதேதான்.

ஃபீல்டு மேப் எடுப்பது எளிது. கோணல் அதிகம் வராத சாதாரண முறையில் இரண்டு எக்கோ நேரங்களில் (ரேடியோ துடிப்பிலிருந்து சிக்னலைப் படிக்கும்வரை உள்ள நேரம்) படம் எடுக்கவேண்டும், உதாரணமாக 4.92 மில்லி செகண்டில் ஒன்று, 7.38-இல் ஒன்று. நடுவில் 2.46 மில்லி செகண்ட். அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு பிக்சலிலும் கோணம் எவ்வளவு கூடியது என்று பார்க்கிறோம். 50 ஹெர்ட்ஸ் பிழை இருக்கிற இடத்தில் 44 டிகிரி கூடியிருக்கும். கோணத்திலிருந்து ஹெர்ட்ஸ், ஹெர்ட்ஸிலிருந்து பிக்சல் நகர்வு, அவ்வளவுதான். (2.46 என்ற விநோதமான எண் எதற்கென்றால், 3 டெஸ்லாவில் கொழுப்பும் நீரும் ஏறத்தாழ அந்த இடைவெளியில்தான் ஒரு சுற்று விலகி மறுபடியும் ஒன்றுசேர்கின்றன, கொழுப்பு கணக்கைக் குழப்பாது.)

இதில் ஒரு சிக்கல். கோணம் 180 டிகிரியைத் தாண்டினால் கடிகார முள் மாதிரி சுற்றி வந்துவிடும். 250 ஹெர்ட்ஸ் பிழை 221 டிகிரி கொடுக்கவேண்டும், ஆனால் கருவிக்கு அது மைனஸ் 139 டிகிரியாகத்தான் தெரியும், அதை அப்படியே நம்பினால் பிழை மைனஸ் 157 ஹெர்ட்ஸ் என்று வரும், எதிர்த் திசையில்! ஃபேஸ் படத்தில் வெள்ளையிலிருந்து சட்டென்று கறுப்புக்குத் தாவும் கோடுகளாக இதைப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்து பிக்சல்களுக்கு நடுவே புலம் இப்படித் தாவாது என்ற நம்பிக்கையில் அந்தச் சுற்றுகளைப் பிரித்தெடுக்கும் நிரல்கள் இருக்கின்றன, மூளைப் படங்களைக் கையாளும் எஃப்எஸ்எல் மென்பொருளிலுள்ள பிரிலூட் அதில் ஒன்று. சைனஸுக்கு அருகே, சிக்னலும் மங்கலாக இருக்கும் இடத்தில், எந்த நிரலும் தடுமாறத்தான் செய்யும்.

இன்னொன்று, ஃபீல்டு மேப் எடுத்தபோது தலை இருந்த நிலையும் ஈபிஐ எடுத்தபோது இருந்த நிலையும் ஒன்றாக இருக்கவேண்டும். நடுவில் ஆள் தாடையைக் கொஞ்சம் தூக்கினால்கூடச் சைனஸுக்கும் காந்தத்துக்கும் உள்ள கோணம் மாறி, புலமே வேறாகிவிடும். படத்தை நகர்த்திப் பொருத்தினால் மட்டும் அது சரியாகாது.

இரண்டு பக்கமும் இழுத்து நடுவைப் பிடிப்பது

எனக்குப் பிடித்த வழி இதுதான். ஃபேஸ் என்கோடிங்கை முன்னிருந்து பின்னாக ஒருமுறை, பின்னிருந்து முன்னாக ஒருமுறை என்று இரண்டு ஈபிஐ படம் எடுக்கிறார்கள். புலப்பிழை அதேதான், ஆனால் படிக்கும் திசை தலைகீழாகிவிட்டதால் முதல் படத்தில் 6 பிக்சல் முன்னால் போன திசு இரண்டாவதில் 6 பிக்சல் பின்னால் போகும். உண்மை சரியாக நடுவில். 1992-இல் சாங், ஃபிட்ஸ்பாட்ரிக் இருவரும் முன்வைத்த யோசனை இது. 2003-இல் ஆண்டர்சன், ஸ்காரே, ஆஷ்பர்னர் மூவரும் இதை டிஃப்யூஷன் படங்களுக்கு ஏற்ற முறையாக வளர்த்தார்கள், எஃப்எஸ்எல்லில் டாப்அப் என்ற பெயரில் ஆராய்ச்சிக்கூடங்கள் பலவற்றில் ஓடிக்கொண்டிருப்பது அதன் வழிவந்ததுதான்.

டாப்அப் எப்படி வேலை செய்கிறது? ஒரு புலத்தைச் சும்மா ஊகித்துக்கொள்ளும். அந்தப் புலம் உண்மையென்றால் முதல் படத்தை இப்படியும் இரண்டாவதை அப்படியும் நகர்த்தவேண்டும் என்று நகர்த்திப் பார்க்கும். இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டதா? இல்லையென்றால் புலத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடியும். இரண்டு படத்துக்கும் வித்தியாசம் இனிமேல் குறையாது என்ற நிலை வரும்வரை இதைச் செய்யும், கூடவே நடுவில் தலை அசைந்திருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடும்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. ஒரு படத்தில் சிக்னல் நசுங்கிக் குவிந்த இடம், எதிர்த்திசைப் படத்தில் விரிந்து கிடக்கும். நசுங்கிய இடத்தில் பத்துப் பிக்சலின் விவரம் ஒன்றில் கலந்துவிட்டது, அதை அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து எவராலும் பிரிக்க முடியாது. எதிர்த்திசைப் படம் அதே விவரத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. ஃபீல்டு மேப் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கொடுக்கமுடியாத ஒன்று இது.

இத்தனைக்கும் எதிர்த்திசையில் ஒன்றிரண்டு வால்யூம் (எல்லா ஸ்லைஸும் சேர்ந்த முழு மூளைப் படம்) எடுத்தால் போதும், ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். பத்து நிமிட டிஃப்யூஷன் ஸ்கேன் எடுத்துவிட்டு இதற்கு நேரமில்லை என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. அமெரிக்காவின் ஹியூமன் கனெக்டோம் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், டிஃப்யூஷன் ஸ்கேன் முழுவதையுமே இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என இரண்டு திசையிலும் எடுத்தது.

எஃப்எம்ஆர்ஐ எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர்களுடைய ஈபிஐ கிரேடியன்ட் எக்கோ வகை, அதில் கோணலோடு இன்னொரு நோயும் உண்டு, சிக்னலே காணாமல் போவது. ஒரு வாக்சலுக்குள்ளேயே (முப்பரிமாண பிக்சல்) புலம் 33 ஹெர்ட்ஸ் அளவுக்கு மாறினால், 30 மில்லி செகண்ட் எக்கோ நேரத்துக்குள் ஒரு ஓரத்திலுள்ள புரோட்டானுக்கும் மறு ஓரத்திலுள்ளதற்கும் ஒரு முழுச் சுற்று வித்தியாசம் வந்துவிடும், எல்லாக் கோணத்திலும் புரோட்டான் நிற்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சம் பூஜ்யம். கண்ணுக்கு மேலே முன்மூளையின் அடியில் கறுப்பாக ஒரு ஓட்டை தெரியும். அதை எந்தத் திருத்த நிரலும் நிரப்பாது, நகர்த்தி வைக்க அங்கே சிக்னல் இருந்தால்தானே. அதனால் எஃப்எம்ஆர்ஐக்கு எதிர்த்திசை ஜோடியைத் தனியாக ஸ்பின் எக்கோ ஈபிஐயாக எடுத்துப் புலத்தைக் கணக்கிட்டு, அந்தப் புலத்தைக் கிரேடியன்ட் எக்கோ படத்தின்மேல் போடுவது நல்லது. ஸ்பின் எக்கோவில் அந்தச் சுற்று வித்தியாசம் திரும்பி நேராகிவிடும், ஓட்டை விழாது, கோணல் மட்டும் அப்படியே இருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்

நிரலை ஓட்டும்போது இரண்டு விஷயம் கொடுக்கவேண்டும்: ஃபேஸ் திசை எது, மொத்த ரீட்அவுட் நேரம் (ஒரு ஸ்லைஸின் எல்லா வரிகளையும் படிக்கும் நேரம்) எவ்வளவு. ஃபீல்டு மேப் முறையில் இரண்டிலும் பிழை நேரடியாகப் படத்தில் இறங்கும். திசையின் குறியை மாற்றிப் போட்டால் 6 பிக்சல் கோணல் திருந்துவதற்குப் பதில் 12 ஆகிவிடும். பேரலல் இமேஜிங்கில் பாதியாகக் குறைந்த எக்கோ இடைவெளியை (வரிக்கு வரி உள்ள நேரம்) கணக்கில் எடுக்காமல் முழு எண்ணைக் கொடுத்தால் திருத்தம் இரண்டு மடங்கு அதிகமாகி எதிர்ப்பக்கம் கோணும். டாப்அப்பில் கதை கொஞ்சம் வேறு, இரண்டு படத்துக்கும் ஒரே ரீட்அவுட் நேரம் என்றால் அந்த எண் தப்பாக இருந்தாலும் நிமிர்ந்த படம் சரியாகவே வரும், ஹெர்ட்ஸ் எண்கள் மட்டும் தப்பாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு அலட்சியமாக இருக்கவேண்டாம், அந்தப் புலத்தை வேறொரு ஸ்கேனுக்குப் பயன்படுத்தும் அன்று வம்பு வரும்.

கோணல் எல்லாமே இந்தக் காரணத்தால் வருவதும் இல்லை. கிரேடியன்ட் காயில் கொடுக்கிற சாய்வு ஓரங்களுக்குப் போகப் போக வளைந்துவிடும், அதனாலும் படம் உருமாறும். அது கருவிக்கென்று நிரந்தரமாக இருப்பது, எல்லா வகை ஸ்கேனிலும் ஒரே மாதிரி தெரிவது, கருவியின் மென்பொருளே அநேகமாகத் திருத்திக் கொடுத்துவிடும். டிஃப்யூஷனுக்கான வலுவான கிரேடியன்ட்டைப் போட்டு அணைக்கும்போது கருவியின் உலோகப் பாகங்களில் எழுகிற சுழல் மின்னோட்டத்தால் வால்யூமுக்கு வால்யூம் மாறுகிற கோணலும் உண்டு, அதற்கு வேறு நிரல். எது எதுவென்று சந்தேகம் வந்தால் டிஃப்யூஷன் கிரேடியன்ட் போடாமல் ஃபேஸ் திசையைத் தலைகீழாக்கி ஒரு படம் எடுங்கள், எந்தக் கோணல் பக்கம் மாறுகிறதோ அது தலைக்குள் இருக்கிற புலப்பிழையின் வேலை.

உலோக இடுப்பு மூட்டு வைத்தவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. பிழை ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ், ஸ்லைஸ் தட்டையாக இல்லாமல் கிண்ணம் மாதிரி வளைந்து பக்கத்து ஸ்லைஸுக்குள் புகுந்துவிடும். அதற்காகச் செமாக், மாவ்ரிக் என்று 2009-இல் தனி முறைகள் வந்தன. ஒவ்வொரு ஸ்லைஸையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்து, அல்லது பல அதிர்வெண்களில் திரும்பத் திரும்ப எடுத்து, கணக்கில் ஒன்றுசேர்ப்பார்கள். நேரம் அதிகம் பிடிக்கும்.

இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களின் அழகுணர்ச்சி என்று நினைக்கவேண்டாம். மூளைக் கட்டியை எடுக்கப் போகும் அறுவைச் சிகிச்சை நிபுணர், டிஃப்யூஷனிலிருந்து வரைந்த நரம்புப் பாதையை டி1 படத்தின்மேல் போட்டுப் பார்க்கிறார். டெம்போரல் மடலில் அந்தப் பாதை சில மில்லிமீட்டர் தள்ளி நின்றால், கட்டிக்குப் பக்கத்தில் போகிறதா கட்டிக்குள் போகிறதா என்பதே மாறிவிடும்.

சரி, பழைய தரவு, எதிர்த்திசைப் படமும் இல்லை, ஃபீல்டு மேப்பும் இல்லை என்றால்? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கோணாத டி1 அல்லது டி2 (நீர் வெளிச்சமாகத் தெரிகிற இன்னொரு சாதாரண வகை) படத்தை இலக்காக வைத்து ஈபிஐயை அதற்குப் பொருத்துவது, ஆனால் ஃபேஸ் திசையில் மட்டும் நகர அனுமதித்து. டி2 கிடைத்தால் அதையே எடுங்கள், ஈபிஐயின் வெளிச்சம்-இருட்டு அதோடு நன்றாக ஒத்துப்போகும். இன்னொன்று, டி1 படத்தையும் கோணலான படத்தையும் கொடுத்தால், கோணாத ஈபிஐ எப்படி இருக்கும் என்று டீப் லேர்னிங்கால் வரைந்து கொடுப்பது. சின்பீ0 என்ற நிரல் அந்த வகை, வரைந்த படத்தையே எதிர்த்திசைப் படத்துக்குப் பதிலாக டாப்அப்பில் போடுவார்கள், அதன் ரீட்அவுட் நேரத்தைப் பூஜ்யம் என்று கொடுத்து, அதாவது இது கோணவே கோணாத படம் என்று சொல்லி. ஆரோக்கியமான மூளைகளில் நன்றாகவே வேலை செய்கிறது. பெரிய கட்டியோ அறுவைச் சிகிச்சையில் எடுத்த பள்ளமோ உள்ள மூளையென்றால் நான் அதை அப்படியே நம்பமாட்டேன், திருத்திய படத்தின்மேல் டி1-இன் விளிம்புக் கோட்டைப் போட்டு ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவேன், அதுவும் முதலில் சைனஸுக்கு மேலே, அப்புறம் காதுக்கு மேலே.